நிலமும் குப்பையும்: வணிகர் எழுதாத கணக்கு

வணிகர்களாகிய நாம் கணக்கு எழுதச் சலிப்படையாதவர்கள். காலையில் கடை திறந்தது முதல் இரவு கல்லாவைப் பூட்டும் வரையில், வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, கடனாக நிற்பது எவ்வளவு என்பதைச் சிட்டையிலும் பேரேட்டிலும் பதிந்து வைக்கிறோம். ஆண்டு முடிவில் ஐந்தொகை போட்டுப் பார்க்கிறோம். ஆயினும் நம் கடைகளிலிருந்து நாள்தோறும் வெளியே போகும் ஒரு பொருளுக்கு மட்டும் நம்மில் பெரும்பாலோரிடம் ஏடு கிடையாது. அதுவே குப்பை.

உள்ளே வந்த சரக்கில் விற்றது போக எஞ்சிய பெட்டியும், சாக்கும், பொலித்தீன் பையும், அழுகிய காயும், மிஞ்சிய சோறும், பொரித்துக் கறுத்த எண்ணெயும் எங்கே போகின்றன, போய் என்ன செய்கின்றன என்று நாம் விசாரிப்பதில்லை. பின்வாசலைத் தாண்டிவிட்டால் அந்தக் கணக்கு தீர்ந்தது என்று எண்ணிக்கொள்கிறோம். அது தீர்வதில்லை. வேறொருவர் பெயரில் பற்று எழுதப்படுகிறது. சில காலம் சென்று நோயாகவும், வெள்ளமாகவும், வியாபார நஷ்டமாகவும் நம்மிடமே வசூலுக்கு வருகிறது.

நிலத்தை நாம் எவ்வாறு வைத்துக்கொள்கிறோமோ, அதற்கேற்றவாறே ஊரின் உடல்நலம் அமைகிறது என்பதே இப்பாடத்தின் சாரம். இதற்குச் சான்றுகள் நம் ஊரிலும், நம் முன்னோர் உழைத்த தோட்டங்களிலும், அயல்நாட்டு வணிக நகரங்களிலும் உள்ளன. அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

நம் ஊரின் இருப்பு

புலாவ் செபாங் என்னும் பெயரில் தீவு என்று பொருள்படும் சொல் இருப்பினும், நம் ஊர் கடலிலிருந்து நன்கு உள்ளே தள்ளி, மலாக்கா மாநிலத்தின் வட எல்லையில் இருக்கிறது. அடுத்தாற்போல் உள்ள தம்பின் நகரம் நெகிரி செம்பிலானைச் சேர்ந்தது. இரயில் நிலையம் நெடுங்காலம் தம்பின் பெயராலேயே அறியப்பட்டது. நிலையம் நிற்கும் நிலமோ மலாக்காவினுடையது. ஒரே கடைவீதிபோல் தோன்றும் இவ்விரண்டு ஊர்களில் ஒன்றை அலோர் காஜா நகராண்மைக் கழகமும், மற்றொன்றைத் தம்பின் மாவட்ட மன்றமும் பார்த்து வருகின்றன.

வரி கட்டுவோருக்கு இந்த எல்லை முக்கியமானது. மழைநீருக்கும் எலிக்கும் கொசுவுக்கும் அப்படி ஓர் எல்லை இருப்பதே தெரியாது. தம்பின் ஆறு இப்பகுதி வழியாக ஓடி, பத்தாங் மலாக்கா ஆற்றுடன் கலந்து, மலாக்கா ஆறு என்னும் பெயர் பெறுகிறது. அந்த ஆறு அலோர் காஜா மாவட்டத்தைக் கடந்து, மலாக்கா நகரத்தின் நடுவே புகுந்து, கடலில் சேர்கிறது. மாநில மக்களின் குடிநீருக்கும் இந்த ஆற்றிலிருந்து நீர் எடுக்கப்படுகிறது.

ஆகவே நாம் ஆற்றின் தலைமாட்டில் குடியிருப்பவர்கள். தலைமாட்டில் இருப்பவர் போடும் அழுக்குக் கால்மாட்டில் இருப்பவரின் குடத்துக்குப் போய்ச் சேரும். மலாக்கா நகரத்தில் கடை வைத்திருப்பவர் நம் உறவினராக இருக்கலாம். நம்மிடம் சரக்கு வாங்குபவராகவும் இருக்கலாம். யாராயினும் நமக்குக் கீழே இருப்பவர். இதை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

காட்டை வெட்டியபோது வந்த காய்ச்சல்

மலாயாவில் ரப்பரை வாணிபத்துக்காக முதன்முதல் பயிரிட்டது நம் மலாக்காவில்தான். 1896-ஆம் ஆண்டில் டான் சே யான் என்னும் சீன வணிகர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். அதன் பின்னர் சில ஆண்டுகளுக்குள் நாடெங்கும் காடுகள் வெட்டப்பட்டுத் தோட்டங்களாயின. தமிழ்நாட்டிலிருந்து கப்பல் கப்பலாகப் பாட்டாளிகள் வந்திறங்கினர். அவர்களுக்கு அரிசியும் துணியும் சாமானும் விற்க நம்மவரும் வந்தனர்.

வந்தவர்களை எதிர்கொண்டது மலேரியாக் காய்ச்சல். அக்காலத்தில் கூட்டரசு மலாய் மாநிலங்கள் என்று வழங்கிய பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கிலும் இருந்த தோட்டங்களில், 1911-ஆம் ஆண்டில் மட்டும் ஆயிரம் பாட்டாளிகளுக்கு 60 பேருக்கு மேல் மாண்டனர். நூறு பேர் இருந்த லயத்தில் ஆண்டொன்றுக்கு ஆறு பேர் என்று இதனைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். புதிதாகத் திறந்த சில தோட்டங்களின் நிலைமை இதைவிடப் பன்மடங்கு கொடியது.

கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்பதற்கான சான்றை ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர் 1897-இல் செகந்தராபாத்தில் கண்டறிந்தார். அந்த அறிவைக் கொண்டு மலாயாவில் முதலில் செயலாற்றியவர் மால்கம் வாட்சன். 1901-இல் கிள்ளானுக்கு மருத்துவராக வந்த அவர், கிள்ளான் நகரத்திலும், இன்று போர்ட் கிள்ளான் எனப்படும் துறைமுகத்திலும், சதுப்புகளை வடித்துப் புதர்களை வெட்டும்படி செய்தார். அவ்விரண்டு இடங்களிலும் 1901-இல் காய்ச்சலால் இறந்தவர்கள் 368 பேர். அடுத்த ஆண்டில் அத்தொகை 59 ஆகக் குறைந்தது.

இதைக் கண்டவர்கள், காட்டை வெட்டி வாய்க்கால் தோண்டினால் எங்கும் காய்ச்சல் ஒழியும் என்று நம்பினர். கடலோரச் சமவெளியில் அது பலித்தது. மலைச்சரிவில் அமைந்த தோட்டங்களில் நேர்மாறான பலனே கண்டது. காரணம் பின்னர் தெரிய வந்தது. சமவெளியில் நோயைப் பரப்பிய கொசு, காட்டு நிழலில் தேங்கும் நீரில் முட்டையிடுவது. நிழல் போனால் அதுவும் போகும். மலைப்பகுதியில் இருந்ததோ வேறோர் இனம். அது வெயில் படும் தெளிந்த ஓடை நீரை விரும்புவது. மரங்களை வெட்டி ஓடைக்கு வெயில் காட்டியதும் அது பெருகிற்று. வாட்சன் அங்கே வேறு வழி கண்டார். ஓடை நீரை நிலத்தடிக் குழாய்களில் செலுத்தினார். முடியாத இடங்களில் நீரின் மேல் எண்ணெய் தெளித்தார். அதன் பின்னரே அத்தோட்டங்களில் சாவு குறைந்தது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று. நிலத்தில் எந்த மாறுதலைச் செய்தாலும் அதற்கு ஒரு விளைவு உண்டு. அது என்னவென்று முன்கூட்டி அறிந்து செய்தால் நன்மை. அறியாமல் செய்தால், எளியவர் உயிரைக் கொடுத்து அதை அறிந்துகொள்ள நேரிடும்.

இது பழங்கதை என்றும் ஒதுக்குவதற்கில்லை. மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசுவால் பரவும் பழைய மலேரியா, 2018-ஆம் ஆண்டில் மலேசியாவுக்குள் எவருக்கும் உள்நாட்டில் தொற்றவில்லை. பெரும் வெற்றிதான். ஆனால் குரங்குகளிடமிருந்து தொற்றும் நோலெசி என்னும் வகை மலேரியா அதே ஆண்டில் 4,000-க்கு மேற்பட்டவர்களைப் பிடித்தது. காட்டோரம் வெட்டி வேலை செய்வோரும் வசிப்போருமே பெரும்பாலும் அதற்கு ஆளாகின்றனர். காட்டுக்கும் ஊருக்கும் இடையே இருந்த தூரத்தைக் குறைத்ததற்கு நாம் கொடுக்கும் விலை அது.

ஆற்றுக்கு நேர்ந்தது

ரப்பருக்குப் பின் செம்பனை வந்தது. 1960-களிலும் 1970-களிலும் செம்பனைத் தோட்டங்கள் பெருகின. அவற்றோடு எண்ணெய் ஆலைகளும் பெருகின. ஒரு டன் எண்ணெய் எடுத்தால் ஏறத்தாழ இரண்டரை டன் கழிவுநீர் வெளியாகும். அது நஞ்சன்று, பழச்சக்கையும் கொழுப்பும் கலந்த நீரே. ஆயினும் ஆற்றில் விழுந்தால், அது அழுகும்பொழுது நீரிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிடும். சுத்திகரிக்காத ஆலைக் கழிவுநீரின் இந்த வலிமை சாதாரணச் சாக்கடை நீரைப்போல் நூறு மடங்கு. மூச்சு விட வழியின்றி மீன்கள் மாண்டன. ஆறு கறுத்து நாறியது.

அரசாங்கம் 1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தை இயற்றியது. செம்பனை ஆலைகளுக்கென 1977-இலும், ரப்பர் ஆலைகளுக்கென 1978-இலும் விதிகள் வந்தன. ஒரே நாளில் முழுச் சுத்தம் வேண்டும் என்று கேட்டால் ஆலைகள் மூடப்படும் என்பதை அறிந்து, அளவைப் படிப்படியாக இறக்கினார்கள். செம்பனை ஆலைக் கழிவுக்கு முதலில் 5,000 அலகு வரை அனுமதிக்கப்பட்டது. 1984-க்குள் அது 100 அலகாகக் குறைக்கப்பட்டது. ஆலைகள் கழிவுநீர்க் குளங்கள் வெட்டிச் சுத்திகரிக்கக் கற்றுக்கொண்டன. எண்ணெய் உற்பத்தி குறையவில்லை, கூடியது. சுத்தத்தைக் கேட்டால் தொழில் கெடும் என்று சொல்வோருக்கு இதுவே மறுமொழி.

நல்ல நீரின் அருமையை மலாக்காவாசிகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1991-ஆம் ஆண்டில் டுரியான் துங்கல் அணை வறண்டு, மக்கள் மாதக்கணக்கில் தண்ணீருக்குத் தவித்தனர். 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் அணைகளில் நீர் இறங்கி, முறை வைத்து நீர் விட வேண்டியதாயிற்று. மழை குறைந்த காலத்தில் ஆற்றிலுள்ள சிறிதளவு நீரும் அழுக்காக இருந்தால், அதைச் சுத்திகரிக்கும் செலவும் தொல்லையும் ஏறும். உணவுக்கடைக்காரருக்குக் குழாயில் நீர் இல்லையேல் அன்று வியாபாரம் இல்லை. தொழுகைக்கு ஒளூச் செய்வோருக்கும் அதே நீர்தான்.

குப்பை போகும் இடம்

முற்காலத்தில் குப்பை என்றால் வாழையிலையும், சாம்பலும், தொட்டாங்கச்சியும், தாளுமே. கொல்லையில் ஒரு குழி வெட்டிப் போட்டால் எருவாகிவிடும். இன்று நம் கடையிலிருந்து போவது அப்படிப்பட்டதன்று. சோற்றைப் பொலித்தீன் பையில் கட்டி, அதை நுரைப் பெட்டியோடு சேர்த்து எறிகிறோம். அழுகக் கூடியதும் அழுகாததும் ஒன்றாய்க் கலந்தபின் இரண்டும் பயனற்றுப் போகின்றன.

இத்தகைய குப்பையை வெறும் நிலத்தில் கொட்டினால் மூன்று தீங்குகள் விளையும். முதலாவது, மழைநீர் குப்பையினூடே இறங்கிக் கறுத்த கசிவுநீராகி மண்ணிலும் ஆற்றிலும் சேரும். இரண்டாவது, காற்றுப் புகாத அடுக்குகளில் சோறும் காயும் அழுகி மீத்தேன் என்னும் வாயு உண்டாகும். அது தீப்பற்றக் கூடியது. பூமியின் வெப்பத்தைக் கூட்டுவதில் கரியமில வாயுவைவிடப் பன்மடங்கு வலியது. மூன்றாவது, ஈயும் எலியும் தெருநாயும் காகமும் அங்கே குடியேறும்.

முறையாக அமைத்த குப்பை நிலத்தில் அடியிலே தடித்த விரிப்பு இருக்கும். கசிவுநீரைக் குழாய் வழியே திரட்டிச் சுத்திகரிப்பார்கள். அன்றாடம் குப்பையின்மேல் மண் மூடுவார்கள். மலாக்காவில் குருபோங் குப்பைமேட்டுக்குப் பதிலாகச் சுங்கை ஊடாங்கில் இவ்வகை நிலம் 2015-இல் திறக்கப்பட்டது. ஆனால் எவ்வளவு நன்றாக அமைத்தாலும் குப்பை நிலம் ஒருநாள் நிரம்பும். நிரம்பினால் வேறு நிலம் தேட வேண்டும். மலாக்கா சிறிய மாநிலம். குப்பைக்குக் கொடுத்த நிலத்தில் வீடும் கட்ட முடியாது. பயிரும் செய்ய முடியாது. வீட்டுக் குப்பையில் பாதிக்குச் சற்றுக் குறைவானது உணவுக் கழிவு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதை மட்டும் தனியே பிரித்து எருவாக்கினால், அந்த நிலம் இன்னும் பல ஆண்டுகள் தாங்கும்.

கடையின் பின்புறம்

இனி நம் கடைக்கு வருவோம். முன்வாசலில் ஐந்தடியைக் கூட்டிக் கழுவி வைக்கும் நாம், பின்சந்தைப் பெரும்பாலும் பார்ப்பதேயில்லை. நோய் பிறப்பது பெரும்பாலும் அங்கேதான்.

டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, பலர் நினைப்பதுபோல் நாற்றமெடுத்த சாக்கடையில் பெருகுவதன்று. சுத்தமான மழைநீர் தேங்கும் சிறு பாத்திரங்களே அதற்கு விருப்பமானவை. வீசியெறிந்த நுரைக் கோப்பை, எண்ணெய்த் தகரம், பழைய டயர், கூடாரத் துணியின் மடிப்பு, உடைந்த வாளி ஆகியவற்றில் ஒரு கைப்பிடி நீர் நின்றாலே போதும். ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். நீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு காத்திருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். இக்கொசு நெடுந்தூரம் பறப்பதுமில்லை. ஆகவே ஒரு கடைவரிசையில் டெங்கி வந்தால், அது பெரும்பாலும் அந்த வரிசையிலேயே வளர்ந்தது என்று கொள்ளலாம்.

2019-ஆம் ஆண்டில் மலேசியாவில் 1,30,101 பேர் டெங்கியால் பீடிக்கப்பட்டனர். 182 பேர் உயிரிழந்தனர். 2023-இல் 1,23,133 பேருக்கு நோய் கண்டது. 100 பேர் மாண்டனர். நோயுற்றவர் ஒவ்வொருவரும் ஒரு வாரமோ இரண்டு வாரமோ வேலைக்குப் போக முடியாதவர். கூலி இழந்தவர் கடைக்கு வரமாட்டார். கடையாள் படுத்தால் கடையே தடுமாறும்.

உணவுக் கழிவை மூடாமல் வைத்தால் எலி வரும். எலியின் சிறுநீர் கலந்த நீரினால் பரவுவது எலிக்காய்ச்சல். வெறுங்காலோடு பின்சந்தைக் கழுவும் பணியாளரும், வெள்ளத்தில் நடக்கும் குழந்தையும் அதற்கு ஆளாகக்கூடும். இந்நோய் கண்டால் கட்டாயமாகச் சுகாதார இலாகாவுக்கு அறிவிக்க வேண்டும் என்று 2010-இல் விதிக்கப்பட்டது.

மீதி எண்ணெயைக் கால்வாயில் ஊற்றுவது மற்றொரு தீங்கு. சூட்டில் நீராக இருக்கும் கொழுப்பு, கால்வாயில் குளிர்ந்து கட்டியாகும். அதன்மேல் சோறும் பொலித்தீனும் ஒட்டும். நாளடைவில் கால்வாயின் வாய் குறுகிவிடும். பிறகு ஒரு மணி நேர மழைக்கே நீர் ஏறிக் கடைக்குள் புகுந்து, கீழ்த்தட்டில் அடுக்கிய அரிசி மூட்டை நனையும். அப்பொழுது நாம் அரசாங்கத்தை நொந்துகொள்கிறோம். அடைப்பில் நம் பங்கு எவ்வளவு என்பதை எவரும் நிறுத்துப் பார்ப்பதில்லை.

குப்பையைக் கொளுத்திவிட்டால் தொல்லை தீரும் என்பாரும் உண்டு. பொலித்தீனையும் நுரைப் பெட்டியையும் கொளுத்தினால் எழும் புகை நச்சுடையது. அது முதலில் போவது அருகிலுள்ள வீட்டுக் குழந்தையின் மூச்சுக்குள். திறந்தவெளியில் கொளுத்துவது சட்டப்படியும் குற்றமாகும்.

சூரத் வணிகர் கண்ட பாடம்

குப்பையினால் வணிகம் எவ்வளவு கெடும் என்பதற்குச் சூரத் நகரத்தைவிடச் சிறந்த சான்று இல்லை. குஜராத்திலுள்ள அந்நகரம் துணிக்கும் வைரம் பட்டை தீட்டும் தொழிலுக்கும் பேர்போனது. தொழிலும் ஜனத்தொகையும் பெருகிய வேகத்தில் கால்வாயும் குப்பை அகற்றலும் பெருகவில்லை. 1994-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வெள்ளம் வந்து வடிந்தது. தெருக்களில் குப்பையும் செத்த பிராணிகளும் கிடந்தன. செப்டம்பரில் கொள்ளைநோய் என்ற செய்தி பரவியது. ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். சில நாட்களுக்குள் இலட்சக்கணக்கான மக்கள் ஊரைவிட்டு ஓடினர். பட்டறைகள் மூடின. பல நாடுகள் இந்தியாவுடன் விமானப் போக்குவரத்தை நிறுத்தின. சில நாடுகள் இந்தியச் சரக்கையே ஏற்க மறுத்தன. சூரத்தில் கொட்டிய குப்பைக்குச் சென்னையிலும் பம்பாயிலும் உள்ள ஏற்றுமதிக்காரரும் விலை கொடுக்க வேண்டியதாயிற்று.

கதை அத்துடன் முடியவில்லை. 1995-இல் எஸ். ஆர். ராவ் என்பவர் அந்நகராட்சியின் ஆணையராக வந்தார். அதிகாரிகளை மேசையைவிட்டு எழுப்பி நாள்தோறும் தெருவுக்கு அனுப்பினார். குப்பை அள்ளுவதற்கும் பெருக்குவதற்கும் நேரம் குறித்தார். உணவுக்கடைகளின் சுத்தத்தைச் சோதித்து, தவறியவர்க்குத் தண்டம் விதித்தார். செல்வாக்குள்ளவர்களின் ஆக்கிரமிப்புகளையும் இடித்தார். இரண்டு ஆண்டுகளுக்குள் சூரத், இந்தியாவின் மிகச் சுத்தமான நகரங்களுள் ஒன்று என எண்ணப்படலாயிற்று. அதே மக்கள், அதே தெருக்கள், அதே கடைகள். முறை மட்டுமே மாறியது.

இருளில் கொட்டிய கழிவு

மற்றொரு சம்பவம் நமக்கு அண்மையில் நடந்தது. 2019-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், ஜொகூர் மாநிலம் பாசிர் கூடாங்கில் ஓடும் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைத் திருட்டுத்தனமாகக் கொட்டிவிட்டனர். அருகிலிருந்த பள்ளிப் பிள்ளைகள் மூச்சுத்திணறி வாந்தியெடுத்தனர். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை தேடினர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஆற்றைச் சுத்தம் செய்ய அரசாங்கம் 60 இலட்சம் வெள்ளிக்கு மேல் செலவிட்டது. ஒரு லோரிக் கழிவை முறையாக அழிக்கும் செலவு இதில் எத்தனையில் ஒரு பங்கு என்பதை வணிகர் எவரும் ஊகித்துக்கொள்வர்.

நம்மிடம் இரசாயன ஆலை இல்லை என்று நாம் ஒதுங்கிவிட வேண்டா. பழைய மின்கலம், குழல்விளக்கு, சாயத் தகரம், பூச்சிமருந்துப் போத்தல், வண்டியிலிருந்து வடித்த எண்ணெய் ஆகியவை நம் கடைகளிலும் உண்டு. கொட்டும் அளவு சிறிதாயினும், ஊரிலுள்ள அத்தனை கடைகளும் கொட்டினால் அதுவும் ஒரு லோரிக் கழிவாகும்.

"வரி கட்டுகிறோமே" என்பார்க்கு

நாம் வரி கட்டுகிறோம், குப்பையை அகற்றுவது அவர்கள் வேலைதானே என்று கேட்போர் நம்மிடையே பலர். இதில் பாதி நியாயம் உண்டு. மலாக்கா, நெகிரி செம்பிலான் உட்படச் சில மாநிலங்களில் 2011 செப்டம்பர் முதல் திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம் நடைமுறையில் உள்ளது. குறித்த நாளில் குப்பை வண்டி வரவில்லையெனில் கேட்க நமக்கு உரிமையுண்டு. தனித்தனியாக முணுமுணுப்பதைவிட, கடைக்காரர்கள் கூடி எழுத்து மூலமாகக் கேட்பது பயன் தரும்.

ஆயினும் மறுபாதி நம்மைச் சேர்ந்தது. வண்டி வாரத்தில் சில நாட்களே வரும். கொசு எல்லா நாளும் வளரும். வீட்டுக் குப்பையைப் பிரித்து வைக்க வேண்டும் என்று இம்மாநிலங்களில் 2015 செப்டம்பர் 1 முதல் விதிக்கப்பட்டிருக்கிறது. கொசு வளர இடங்கொடுக்கும் கட்டடத்தின் சொந்தக்காரரோ குடியிருப்பவரோ, 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி தண்டனைக்குரியவர். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் நற்செயல் என்று கற்பிக்கப்பட்டவர்கள் நாம். அகற்ற வேண்டியவரே இடையூற்றைப் போடுவது முறையாகுமா?

நாம் செய்யத்தக்கவை

பெரிய முதலீடு ஏதும் வேண்டியதில்லை. பின்வரும் ஒழுங்குகளைக் கடைப்பிடித்தால் போதும்.

1. கடையில் மூன்று தொட்டிகள் வைப்போம்: உணவுக் கழிவுக்கு மூடியுள்ளது ஒன்று, தாள், பெட்டி, தகரம், போத்தல் முதலிய விற்கத்தக்கவற்றுக்கு ஒன்று, மற்றவைக்கு ஒன்று. அட்டைப்பெட்டியையும் தகரத்தையும் வாங்க ஆள் உண்டு, அது வரவு.

2. மீதி எண்ணெயை ஆறவைத்து டின்னில் சேர்ப்போம். அதையும் விலைக்கு வாங்கி எரிபொருளாக்குகிறார்கள். பாத்திரம் கழுவும் நீர் வெளியேறும் இடத்தில் கொழுப்பைப் பிரித்து நிறுத்தும் தொட்டி வைத்து, அதை ஒழுங்காகத் துப்புரவு செய்வோம்.

3. வாரத்தில் ஒரு நாள், பத்து நிமிடம், கடை முதலாளியே பின்சந்தையும், கூரைத் தாழ்வாரத்தையும், கூடாரத் துணியையும் சுற்றிப் பார்த்துத் தேங்கிய நீரைக் கொட்டுவோம். கடையாளிடம் சொல்லிவிட்டால் போதாது.

4. மின்கலம், விளக்கு, எண்ணெய், மருந்துப் போத்தல் ஆகியவற்றைத் தனியே சேர்த்து, அவற்றைப் பெறும் இடத்தில் கொடுப்போம். கால்வாயில் ஒரு சொட்டும் ஊற்றோம்.

5. புதிதாகக் கடையோ கிடங்கோ கட்டும்பொழுது, மழைநீர் இப்பொழுது எவ்வழியாக ஓடுகிறது என்பதைப் பார்த்த பின்னரே மண் கொட்டுவோம். ஒருவர் தம் நிலத்தை உயர்த்தினால் அண்டை நிலம் குளமாகும். மலைச்சரிவை வெட்டினால் மழையில் மண் கரைந்து ஆற்றைத் தூர்க்கும்.

6. எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் உள்ள கடைக்காரர்கள் ஆண்டில் இருமுறையேனும் கூடிப் பேசுவோம். புலாவ் செபாங் சுத்தமாக இருந்து தம்பின் அழுக்காக இருப்பதும், தம்பின் சுத்தமாக இருந்து புலாவ் செபாங் அழுக்காக இருப்பதும் நடவாத காரியம். ஒரே ஆறு, ஒரே கொசு, ஒரே வாடிக்கையாளர்.

இவற்றுள் முதலில் எதைத் தொடங்குவது என்று கேட்டால், ஒரு சிறு குறிப்பேட்டில் தொடங்கலாம். ஒரு மாதத்துக்கு மட்டும், கடையிலிருந்து நாள்தோறும் எத்தனை பை குப்பை போகிறது, எத்தனை டின் எண்ணெய் மிஞ்சுகிறது, எவ்வளவு உணவு வீணாகிறது என்று எழுதிப் பார்ப்போம். விலை கொடுத்து வாங்கிய பொருளில் எவ்வளவு குப்பையாகப் போகிறது என்பது அப்பொழுது தெரியும். அதைக் கண்ட வணிகர் எவரும் சும்மா இருக்கமாட்டார். கொள்முதலைத் திருத்துவார், வீணைக் குறைப்பார், அதனால் இலாபமும் கூடும், ஊரும் நலம் பெறும்.

நம் முன்னோர் வந்த காலத்தில் காய்ச்சல் ஏன் வந்தது என்று அறியாமலே ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். நமக்குக் காரணம் தெரியும். தடுக்கும் வழியும் தெரியும். ஆற்றின் தலைமாட்டில் வாழும் நாம், கீழே உள்ளவருக்குத் தெளிந்த நீரையும், நமக்குப் பின் வரும் பிள்ளைகளுக்குச் சுத்தமான நிலத்தையும் விட்டுச் செல்ல இன்றே முயல்வோமாக.